புகைக்கு ஈடாகுமா காடு?



பாலை தனியொரு நிலமன்று. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு திரிந்து கொள்ளும் வடிவமே பாலை என்பது இளங்கோவடிகள் வாக்கு. நிலம் நிலைமாறும் என்பதை நம்மவர் அன்றே கண்டிருந்தனர். இன்றோ, நிலத்தைத் திருத்தினால் வானத்தையும் திருத்தலாம் என்கிறார்கள். ஒரு நாடு வெளிவிடும் காபனீரொட்சைட்டை அந்நாட்டு மரங்கள் உள்வாங்கிவிட்டால் கணக்குச் சரி என்பது வாதம். இலங்கையும் 2030க்குள் காட்டின் பரப்பை 32 சதவீதமாக உயர்த்துவதாகவும், 2050இல் அந்தச் சமநிலையை எட்டுவதாகவும் உலக அரங்கில் வாக்களித்துள்ளது.

இந்தக் கணக்கைக் குருவிட்டவிலிருந்து பார்ப்போமே. எரத்னை வழியாகச் சிவனொளிபாத மலை ஏறும் யாத்திரிகர் கீழே இறப்பரையும் தேயிலையையும், மேலே அடர்காட்டையும் காண்பர். கீழே இருந்ததும் ஒரு காலத்தில் காடுதான். உரித்துக் காட்ட முடியாத காட்டு நிலங்களை முடிக்குரியதாக்கிற்று 1840ஆம் ஆண்டுச் சட்டம். பிறகு மரங்கள் விழுந்தன. விழுத்திய கைகளில் தமிழகத்திலிருந்து கூலிக்கு வந்த நம் முன்னோரின் கைகளும் உண்டு.

இறப்பரும் மரந்தானே என்று கேட்கலாம். ஆம், அதுவும் காபனைச் சேர்க்கிறது. ஆனால் ஏறத்தாழ முப்பது ஆண்டு பால் தந்தபின் வெட்டப்படுகிறது. அதில் பெரும்பங்கு விறகாகித் தேயிலைத் தொழிற்சாலை அடுப்புக்கும் லயத்து அடுப்புக்கும் போகிறது. சேர்த்தது மீண்டும் புகையாகிறது. மறுபடி நட்டால் மறுபடி சேரும். அது சுழலும் கணக்கு. நுரைச்சோலையில் எரியும் நிலக்கரியோ கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுள் கிடந்த காபன். இரண்டையும் ஒரே தராசில் நிறுப்பது எப்படி?

எந்த மரம் என்பதும் கேள்வியே. சிங்கராஜக் காட்டில் ஒட்டுப்பலகைக்காக நடந்த மரவெட்டு 1970களின் பிற்பகுதியில் நிறுத்தப்பட்டது. 1988இல் அது உலக மரபுரிமையாயிற்று. அதன் எல்லையில் பைனஸ் நட்டிருந்தார்கள். பச்சையாகத்தான் இருந்தது, ஆனால் காடாகவில்லை. 1990களின் தொடக்கத்தில் பேராதனைப் பல்கலைக்கழகத்து அறிஞர்கள் சில வரிசைப் பைனஸ் மரங்களை அகற்றி, வெளிச்சம் விழுந்த இடத்தில் அக்காட்டுக்கே உரிய மரங்களை நட்டனர். அவை வளர்ந்தன. நிழலையும் வெளிச்சத்தையும் அளந்து பார்த்த அந்தப் பொறுமை, ஒரே நாளில் இலட்சம் கன்று நட்டுப் படம் பிடித்துக்கொள்ளும் விழாக்களில் இல்லை.

இன்னொன்று நம்மவர் பற்றியது. 1948இல் குடியுரிமை இழந்த மக்கள் அதை மீண்டும் பெற்றார்கள், நிலம் பெறவில்லை. 7 பேர்ச், 10 பேர்ச் என்று பேச்சு வந்தபடி இருக்கிறது; உறுதி கைக்கு வந்த குடும்பங்கள் சிலவே. கைவிடப்பட்ட தேயிலை மலையில் நாளை காடு வளர்த்து, அது சேர்க்கும் காபனை வெளிநாட்டுக்கு விற்றால் பணம் கம்பனிக்கோ அரசுக்கோ போகும். கன்று நட்டவளுக்கு ஒருநாள் சம்பளம். அம்மலையில் அவள் விறகு பொறுக்கலாமா, லயத்துக்குத் தண்ணீர் வரும் ஊற்று யாருடையது, அங்கே வீடு கட்ட நிலம் கேட்டால் என்ன பதில்? ஒப்பந்தம் எழுதும் மேசையில் இவற்றைக் கேட்க அவளும் இருக்கவேண்டும். அதுவும் கையெழுத்து விழுமுன்.