மூன்று கப்பலில் மூன்று படி

தூத்துக்குடித் துறைமுகத்தில் ஏற்றுமதித் தொழில் செய்கிறவர்களுக்கு ‘பில் ஆஃப் லேடிங்’ என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. சரக்கை ஏற்றிக்கொண்டதற்குக் கப்பல் நிறுவனம் தரும் சீட்டு அது. அக்கரையில் அதைக் காட்டினால்தான் சரக்கு கைக்கு வரும். இந்தச் சீட்டை மூன்று அசல்களாகத் தருவது நெடுங்கால வழக்கம். பாய்மரக் காலத்தில் சீட்டைக் கொண்டுபோகிற கப்பலே கவிழ்ந்துவிடக்கூடும் என்பதால், ஒவ்வொன்றையும் வேறு வேறு கப்பலில் அனுப்பினார்கள். 16ஆம் நூற்றாண்டில் இந்தக் கரையிலிருந்து ஐரோப்பாவுக்குக் கடிதம் எழுதிய சேசு சபைப் பாதிரியார்களும் அப்படித்தான்: ஒரே கடிதத்துக்கு இரண்டு மூன்று படி எடுத்து, முதல் வழி, இரண்டாம் வழி என்று குறித்து, தனித்தனிக் கப்பலில் ஏற்றினார்கள். மூன்றையும் ஒரே கப்பலில் ஏற்றினால் அது மூன்று படி ஆகாது, ஒரு படிதான். கதையும் பாட்டும் படமும் கணினியில் சேர்த்து வைத்திருக்கிற நம்மில் பலர், பேக்கப் எடுத்துவிட்டோம் என்று நம்பிக்கொண்டு, மூன்றையும் ஒரே கப்பலில்தான் ஏற்றி வைத்திருக்கிறோம்.

எல்லாப் படியும் ஒரே இடத்தில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டாம், பக்கத்துப் புன்னைக்காயலுக்குப் போனால் போதும். அண்டிரிக் அடிகளார் என்று நாம் அழைக்கும் அன்ரிக் அன்ரிக்கஸ் 1546இல் போர்த்துகலிலிருந்து இந்தியா வந்தவர். புன்னைக்காயல் அடங்கிய இந்த முத்துக்குளித்துறைக் கரையில் அரை நூற்றாண்டு வாழ்ந்து, தமிழ் கற்று, தமிழுக்கு இலக்கணம் எழுதி, தமிழில் நூல்கள் அச்சிட்டு, 1600இல் மறைந்தார். அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் அச்சானது. இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் இந்திய மண்ணில் அச்சேறிய நூல்களில் இன்று நம் கைக்கு எட்டுகிற மிகப் பழையது இந்தப் பதினாறு பக்கப் புத்தகம்தான். அடுத்த ஆண்டு கொச்சியில் ‘கிரிசித்தியானி வணக்கம்’, 1580இல் பாவசங்கீர்த்தனத்துக்கான கையேடு, 1586இல் புனிதர்களின் வரலாறான ‘அடியார் வரலாறு’. கடைசி நூல் அறுநூறு பக்கத்துக்கு மேல் போகும். அது புன்னைக்காயலில் அச்சானது என்று பலரும் கருதுகிறார்கள். இந்த அச்சு வேலைக்குப் பணம் தந்தவர்கள் இந்தக் கடற்கரைப் பரதவர்கள். அதாவது, புத்தகம் இந்த ஊர்க்காரர்களுக்காக, இந்த ஊர்க்காரர்களின் காசில், இவர்கள் பேச்சில் எழுதப்பட்டது.

அவை இன்று எங்கே இருக்கின்றன? தம்பிரான் வணக்கம் அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில். பாவசங்கீர்த்தனக் கையேடு ஆக்ஸ்ஃபோர்டு போட்லியன் நூலகத்தில். அடியார் வரலாறு வத்திக்கான் நூலகத்தில். தமிழ் இலக்கணத்தின் கையெழுத்துப் படி லிஸ்பனில். இந்தக் கரையில் எத்தனை வீட்டில், எத்தனை கோயிலில் அந்தப் புத்தகங்கள் இருந்திருக்கும்! உப்புக்காற்றும் கரையானும் இங்கே ஒரு நாளும் ஓய்ந்ததில்லை. 1658இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்தார்கள், சேசு சபையார் ஊரைவிட்டுப் போக வேண்டியதாயிற்று. எந்தப் படி எதனால் அழிந்தது என்று இன்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஒன்று கண்கூடு: அச்சில் பல படிகள் எடுத்தது மட்டும் அந்த நூல்களைக் காப்பாற்றவில்லை. கடல் கடந்து போன படிகள் பிழைத்தன. பிறந்த ஊரிலேயே இருந்தவை போயின.

போனது திரும்பி வந்த கதையும் உண்டு. ஈழத்து ஊர்காவற்றுறைப் பகுதியைச் சேர்ந்தவரும், தூத்துக்குடியில் தமிழ் இலக்கியக் கழகத்தைத் தொடங்கியவருமான தனிநாயகம் அடிகள், 1950களில் ஐரோப்பிய நூலகங்களில் தேடி இந்தப் பழைய நூல்கள் சிலவற்றை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். அவற்றில் அடியார் வரலாற்றை இராசமாணிக்கம் அடிகள் பதிப்பிக்க, 1967இல் அது மறுபடி இந்தக் கரையிலேயே, தூத்துக்குடியிலிருந்து வெளிவந்தது. 381 ஆண்டு கழித்து உரிய இடத்துக்கு வந்து சேர்ந்த பேக்கப் என்று சொன்னால் இரண்டு அடிகளாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

ஒரு மறுப்பு எழலாம். வத்திக்கானும் ஹார்வர்டும் பிழைக்க வைத்தவற்றை மட்டும் எண்ணிச் சொல்கிறாய், வெளியே போய் அழிந்த படிகள் கணக்கில் இல்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். கடலில் மூழ்கியவை எத்தனையோ இருந்திருக்கும். ஆனால் தூரம் பாதுகாப்பானது என்று நான் சொல்லவில்லை. இரண்டு தூரமான இடங்கள் ஒரே நாளில் ஒரே காரணத்தால் அழிவது அரிது, அவ்வளவுதான். லிஸ்பன் 1755இல் நிலநடுக்கத்தில் சிதைந்தது. அந்த நாளில் தூத்துக்குடி நன்றாகத்தான் இருந்தது. 2023 டிசம்பரில் தூத்துக்குடி மூழ்கியது. அப்போது லிஸ்பனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அந்த 2023 வெள்ளத்தை இந்த மாவட்டத்தில் மறந்தவர் இருக்க மாட்டார். டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை மீறி ஏரல், ஸ்ரீவைகுண்டம், புன்னைக்காயல் எல்லாம் தனித்தீவாயின. தரைத்தளத்து ஸ்டுடியோ ஒன்றை நினைத்துப் பாருங்கள். மேசைக்கடியில் கணினியின் சிபியு. கீழ் இழுப்பறையில், பழைய பில் புத்தகங்களுக்கு நடுவே, பேக்கப் எடுத்த ஹார்ட் டிஸ்க். அதே இழுப்பறையில் கல்யாண வீடியோ பதிந்த பென் டிரைவ்கள், ரப்பர் பேண்டு போட்டு ஒரு கட்டாக. தண்ணீர் இடுப்பளவு ஏறினால் இவை மூன்றும் ஒரே நேரத்தில்தான் நனையும். கடைக்காரர் பேக்கப் எடுக்காதவர் அல்லர். இரண்டு படி எடுத்தவர். ஆனாலும் எடுத்தும் எடுக்காதவர்தான். திருடன் வந்தாலும் இதே கதை, மின்கசிவில் தீப்பிடித்தாலும் இதே கதை.

அதற்குத்தான் கிளவுட் இருக்கிறதே, கூகுள் டிரைவில் எல்லாம் தானாக ஏறிவிடுகிறதே என்று பலர் சொல்வார்கள். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். தானாக ஏறுவது என்பது இரண்டு இடத்திலும் ஒரே நிலையை வைத்திருக்கும் ஏற்பாடு. இங்கே ஒரு கோப்பை அழித்தால் அங்கேயும் அது குப்பைக்குப் போகும். கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டி 30 நாள் தாங்கும், பிறகு கோப்பு போனது போனதுதான். நாவலின் ஏழாம் அத்தியாயத்தைத் தவறுதலாக அழித்துவிட்டு இரண்டு மாதம் கழித்துத் தேடுகிறவருக்கு அந்தக் கிளவுட் உதவாது. கணினியில் புகுந்து கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தால், பூட்டிய கோப்பே மேலே ஏறிப் பழையதன் மேல் உட்கார்ந்துகொள்ளவும் கூடும். பழைய வடிவங்களைச் சில சேவைகள் கொஞ்ச காலம் வைத்திருக்கும் என்பது உண்மை. ஆனால் அது அவர்கள் விதிப்படி, அவர்கள் சொல்லும் நாள்வரை. இரண்டு ஆண்டு தொடப்படாமல் கிடக்கும் தனியார் கணக்குகளை அழிக்கலாம் என்ற விதியை கூகுள் 2023 டிசம்பர் முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. எழுதியவர் இறந்து, கடவுச்சொல் தெரியாமல் வீட்டார் விழிக்கும்போது இரண்டு ஆண்டு என்பது வெகு சீக்கிரம் ஓடிவிடும். ஆகவே கிளவுட் வேண்டாம் என்பதல்ல. அது ஒரு கப்பல். ஒன்று மட்டும்தான்.

பெரிய நிறுவனம் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கைக்குத் தென்கொரியா அண்மையில் விலை கொடுத்தது. 2025 செப்டம்பர் 26 அன்று தேஜான் நகரில் அந்நாட்டு அரசின் தரவு மையத்தில் பேட்டரிகள் தீப்பிடித்தன. அரசு ஊழியர்கள் தங்கள் பணிக்கோப்புகளைச் சேமித்து வந்த ஜி-டிரைவ் என்ற கிடங்கு, 858 டெராபைட் கோப்புகளோடு அழிந்தது. அளவு மிகப் பெரியது என்பதால் அதற்கு வெளியே வேறு படி வைக்கவில்லை. தொழில்நுட்பத்தில் உலகுக்கே பாடம் எடுக்கிற நாடு அது.

படி எடுத்தாயிற்று, வேறு இடத்திலும் வைத்தாயிற்று, இனி நிம்மதியா என்றால், இல்லை. அந்தப் படி திறக்கிறதா என்று பார்த்தீர்களா? 1998இல் பிக்ஸார் நிறுவனத்தில் ‘டாய் ஸ்டோரி 2’ படத்தின் கோப்புகள் ஒரு தவறான கட்டளையால் மளமளவென்று அழியத் தொடங்கின. பேக்கப் இருக்கிறது என்று திரும்பினால், பேக்கப் ஒழுங்காக வேலை செய்யாமல் போயிருந்தது, யாரும் சோதிக்கவில்லை. குழந்தை பெற்று வீட்டிலிருந்து வேலை பார்த்த கேலின் சஸ்மன் என்ற தொழில்நுட்ப அதிகாரியின் வீட்டுக் கணினியில் இருந்த படிதான் கைகொடுத்தது. இங்கேயும் வேறு இடத்துப் படிதான் பிழைத்தது என்பதைக் கவனியுங்கள். நம் ஏட்டு மரபில் ஓலையைப் பெயர்த்தெழுதியதும் மூலத்தோடு ஒத்துப்பார்க்கிற வழக்கம் இருந்தது. அந்த வேலையை நாம் ‘காப்பி முடிந்தது’ என்று திரையில் வரும் அறிவிப்பிடம் ஒப்படைத்துவிட்டோம்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இதில் தனியாக ஒரு தொல்லை இருக்கிறது. இருபது, இருபத்தைந்து ஆண்டுக்கு முன் பேஜ்மேக்கரில் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகள் எத்தனையோ அச்சகங்களில் சிடியில் கிடக்கின்றன. மார்க்கர் பேனாவால் மேலே புத்தகத்தின் பெயர் எழுதியிருக்கும். சிடி நன்றாக இருந்து, அதைப் படிக்கும் கருவியும் கிடைத்து, கோப்பு திறந்தாலும் திரையில் வருவது ஆங்கில எழுத்தும் கேள்விக்குறியும் சதுரக் கட்டமும் கலந்த குப்பை. கோப்பு அழியவில்லை, தமிழ்தான் காணவில்லை. பழைய எழுத்துருவை ஒருங்குறிக்கு மாற்றும் செயலிகள் இன்னும் கிடைக்கின்றன, எந்த எழுத்துருவில் தட்டச்சு செய்தோம் என்பது நினைவிருக்கும்போதே மாற்றிவிடுவது நல்லது. ஒருங்குறியில் ஒன்று, பக்க அமைப்பு தெரியும் பிடிஎஃப் ஒன்று என்று வைத்துக்கொண்டால் போதும். 1554இல் லிஸ்பனில் அச்சான ‘கார்தில்யா’ என்ற நூல் தமிழை ரோமன் எழுத்தில் அச்சிட்டு, கூடவே போர்த்துகீசியத்தையும் தந்தது. அதனால்தான் இன்றும் அதைப் பிரித்துப் படிக்க முடிகிறது. அந்தக் காலத்து எழுத்துருப் பிரச்சினைக்கு அந்தக் காலத்துத் தீர்வு!

இவ்வளவு பாடுபடும் அளவுக்கு என் எழுத்து என்ன கம்பராமாயணமா என்று அடக்கத்தோடு கேட்பவர்கள் உண்டு. பாவம் சொல்லும் முறையை விளக்கும் கையேட்டை அச்சிட்டபோது அதை இலக்கியம் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். இன்று அது 16ஆம் நூற்றாண்டுக் கடற்கரைத் தமிழ் எப்படி இருந்தது என்று காட்டும் சான்று. எது மதிப்புள்ளது என்பதை எழுதியவர் முடிவு செய்வதில்லை. இதற்கு நேரெதிராக, நல்ல எழுத்து எப்படியும் பிழைக்கும் என்று நம்புகிறவர்களுக்கு எட்டயபுரத்து பாரதியையே காட்டலாம். அவர் ‘சின்னச் சங்கரன் கதை’யை எழுதி வைத்திருந்த கையெழுத்துப் படி புதுச்சேரியில் களவு போனதாகச் சொல்வார்கள். நமக்குக் கிடைத்திருப்பது முற்றுப்பெறாத கதைதான். பாரதிக்கே அந்த நிலை.

செலவைப் பற்றியும் பயப்பட வேண்டாம். ஒருங்குறியில், பரவலாகப் பயன்படும் யுடிஎஃப்-8 முறைப்படி, ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட். முந்நூறு பக்க நாவலின் எழுத்து மட்டும் என்றால் ஏறக்குறைய இரண்டு மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். நல்ல கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படமே அதைவிடப் பெரிதாக இருக்கும். வீடியோவும் ஒலிப்பதிவும் இடத்தை விழுங்கும்தான். அங்கே எல்லாவற்றையும் வைக்காமல் முடித்த படைப்பையும் மூலப் பதிவையும் மட்டும் வைக்கலாம். குலசேகரன்பட்டினம் தசராக் குழுவுக்குப் பாட்டு எழுதிப் பதிவு செய்கிறவர் ஒத்திகை முழுவதையும் காப்பாற்ற வேண்டியதில்லை. வெளியே கொடுத்தால் யாராவது திருடி வெளியிட்டுவிடுவார்களே என்ற பயத்துக்கு ஹார்ட் டிஸ்க்கைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டும் வசதி இருக்கிறது. அந்தக் கடவுச்சொல்லை நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் பிறகு யாராலும் திறக்க முடியாது.

பீட்டர் குரோக் என்ற புகைப்படக்காரர் பரவலாக்கிய விதி ஒன்று இதற்குப் போதும்: மூன்று படி, இரண்டு வகைச் சாதனத்தில், அவற்றில் ஒன்றாவது வேறு இடத்தில். நமக்கு வத்திக்கான் இல்லை. ஆனால் கோயம்புத்தூரில் அக்கா இருப்பார், சென்னையில் மச்சான் இருப்பார், துபாயில் பிள்ளை இருப்பான். அடுத்த முறை அவர்கள் ஊருக்கு வந்து திரும்பும்போது மக்ரூன் பொட்டலத்தோடும் கருவாட்டோடும் ஒரு ஹார்ட் டிஸ்க்கையும் கொடுத்தனுப்புங்கள். கொடுப்பதற்கு முன் வேறொரு கணினியில் செருகி இரண்டு மூன்று கோப்புகளைத் திறந்து பாருங்கள். உறைமேல் உங்கள் பெயரையும் தேதியையும் எழுதுங்கள். அடுத்த ஆண்டு அவர்கள் வரும்போது அதை வாங்கிக்கொண்டு புதியதைக் கொடுங்கள். கருவாட்டு வாடை டிஸ்க்கில் ஏறாமல் தனி உறையில் போட்டுக் கொடுங்கள்.