அபூதாபியில் கேட்ட தாளம்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)

  

நூற்றாண்டு மேடையில் வெள்ளைக்காரரின் ரொக் இசைக்குழுவைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும் சிலர் சிரித்தீர்கள். இசை கூடுமா கூடாதா என்ற தர்க்கமும் நம்மூரில் உண்டு. அதற்குள் நாங்கள் போகவில்லை. சிநேகிதம் பற்றியே பேச வந்தோம்.

எழுபதுகளில் நாங்கள் மூவர் ஒரே வாங்கில் இருந்து படித்தோம். வானொலியின் ஆங்கில சேவையில் ரோலிங் ஸ்டோன்ஸ் பாட்டுப் போனால் றேடியோவைக் காதோடு வைத்துக் கேட்போம். சொல் பாதி விளங்காது, தாளம் விளங்கும். மூன்றாமவள் மருதமுனைக்காரி. அவள் வீட்டில் கைத்தறி ஓடும். அந்தச் சத்தத்தில் வளர்ந்ததாலோ என்னவோ, கேட்ட தாளத்தை மறுநாள் வாங்கில் அப்படியே தட்டிக் காட்டுவாள். அதற்காக மூவரும் வகுப்புக்கு வெளியே நின்றதும் உண்டு.

2004 டிசம்பர் 26, போயா ஞாயிறு. கடல் ஊருக்குள் வந்த அந்தக் காலையில் அவளை இழந்தோம்.

ஒன்பது வருடத்தின் பின், 2014 பெப்ரவரி 21 இல், அபூதாபி யாஸ் தீவில் அதே குழுவின் நிகழ்ச்சி. எங்களில் ஒருத்தி அங்கே மகனோடு இருந்தாள், மற்றவள் விசிட் விசாவில் போயிருந்தாள். பிள்ளைகள் டிக்கெட் எடுத்துத் தந்தார்கள். ஊரில் யாருக்கும் சொல்லவில்லை. இன்றுதான் சொல்கிறோம்.

பாடகர் மிக் ஜாகருக்கு அப்போது 70 வயது. மேடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடுகிறார். முழங்கால் வலியோடு நின்ற எங்களுக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் எங்கள் கண் போனது பின்னால் டிரம்ஸ் வாசித்த 72 வயது சார்லி வாட்ஸிடம். முகத்தில் ஒரு சலனமும் இல்லை, கை மட்டும் தறிபோல ஓடியது. நாங்கள் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அழுதிருப்போம்.

பிறகுதான் ஒன்றை அறிந்தோம். ஜாகரும் கிட்டார் வாசிக்கும் கீத் ரிச்சர்ட்ஸும் ஆரம்பப் பாடசாலைத் தோழர்கள். பிரிந்துபோய், 1961 இல் டார்ட்ஃபோர்ட் ரயில் நிலையத்தில் மீண்டும் சந்தித்தார்கள். ஜாகர் கையில் இசைத்தட்டுகள் இருந்தன, பேச்சுத் தொடங்கியது. மறுவருடம் குழு மேடையேறியது. அவர்களும் ஒருவகையில் பழைய மாணவர் சங்கம்தான்!

2021 ஆகஸ்டில் சார்லி வாட்ஸ் காலமானார். அடுத்த மாதம் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் குழு மேடையேற வேண்டியிருந்தது. நிகழ்ச்சியை எப்படித் தொடங்கினார்கள் தெரியுமா? மேடையில் ஆள் இல்லை. டிரம்ஸ் ஓசை மட்டும் கேட்கிறது, திரையில் அவருடைய படங்கள் வருகின்றன. அதன் பிறகே மற்றவர்கள் வந்து பாடினார்கள்.

சகோதரிகளே, நமது அங்கத்தவர் பட்டியலில் காலமானவர்களின் பெயரைக் கோடிட்டு வெட்டிவிடுகிறோம். சுனாமியில் போனவர்களின் பெயர்களும் அப்படியே போயின. எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான். இனிமேல் ஒவ்வொரு வருடாந்தப் பொதுக்கூட்டமும் அவர்களின் பெயர்களை வாசித்துத் தொடங்கட்டும். அதன் பிறகு அறிக்கையும் கணக்கும் வரட்டும்.

செயலாளர் அவர்களே, எங்கள் வகுப்பில் போனவர்களின் பெயர்களை எழுதிக் கொண்டுவந்திருக்கிறோம். முதல் பெயர் அவளுடையது. பெற்றுக்கொள்ளுங்கள்.