எதிர்ச்சொல் சொல்லிக் கொடுத்த கதை
(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மெக்கானிக்கல் படித்தவனை மேடை ஏற்றினால் பாய்லர், டர்பைன் என்று ஏதாவது பேசுவான் என்று எதிர்பார்ப்பீர்கள். நான் பேசப்போவது ஒருபொருட் பன்மொழியும் எதிர்ச்சொல்லும். அதுவும் போர்ச்சுகீசிய மொழியில்! சிரிக்காதீங்க. ஒரு எதிர்ச்சொல்லைச் சரியாகச் சொல்லிக் கொடுக்காததால் ஒரு மனிதருக்குக் கால் எலும்பு முறிந்தது. சொல்லிக் கொடுத்தவன் நான். அதனால்தான் இந்தத் தலைப்பு.

உலகத்திலேயே அதிகமாகக் கரும்பு விளையும் நாடு பிரேசில். அங்கே சாவோ பாவ்லோ மாநிலத்தின் உள்பகுதியில் ஒரு சர்க்கரை ஆலையில் இயந்திரம் நிறுவும் வேலைக்காகச் சில ஆண்டுகள் இருந்தேன். போன முதல் நாளே மொழி என் மூக்கை உடைத்துவிட்டது. நிஜமாகவே மூக்கைத்தான். அலுவலகக் கண்ணாடிக் கதவில் "புஷி" என்று எழுதியிருந்தது. நம்ம ஊர் இங்கிலீஷ் ஞானத்தில் "தள்ளு" என்று நினைத்து முழு வேகத்தில் தள்ளினேன். கதவு அசையவில்லை. போர்ச்சுகீசில் அதற்கு "இழு" என்று பொருள். தள்ளுவதற்கு வேறு சொல், "எம்பூஹி". காதுக்கு ஒன்றாகக் கேட்பது கைக்கு நேர் எதிராக இருக்கிறது!

இரண்டாம் ஆண்டில் ஓரளவு பேச வந்துவிட்டது. அந்தச் சமயத்தில் ஊரிலிருந்து புதுப் பொறியாளர்கள் வந்தார்கள். "தினம் சாயந்திரம் ஒரு மணி நேரம் இவர்களுக்கு மொழி சொல்லிக் கொடுங்க" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். எனக்கு வாத்தியார் வேலை தெரியாது. தெரிந்ததெல்லாம் ஆறாம் வகுப்புத் தமிழ்த் தேர்வுதான். "எதிர்ச்சொல் தருக: இன்பம் × துன்பம்". அதே பாணியில் இரண்டு பத்திகளாக ஒரு பட்டியல் தயார் செய்து ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். அதில் ஒரு வரி: "செகுரோ என்றால் பத்திரமானது, எதிர்ச்சொல் பெரிகோசோ, ஆபத்தானது". பெண்பாற் பெயரோடு சேரும்போது அது "செகுரா" ஆகும் என்றும் எழுதியிருந்தேன். பையன்கள் நெட்டுருப் போட்டார்கள். நானும் ஒப்பிக்கச் சொல்லிக் கேட்டு, "பலே" என்றேன்.

மூன்று வாரம் கழிந்தது. ஒரு பம்பின் மேல்மூடியைக் கப்பியில் கயிறு போட்டுக் கீழே இறக்கிக்கொண்டிருந்தார்கள். கயிற்றைப் பிடித்திருந்தவன் என் மாணவன். கீழே நின்றவர் பிரேசில்காரரான மூத்த ஃபிட்டர். அவரை எல்லோரும் "மெஸ்த்ரி" என்றுதான் கூப்பிடுவார்கள். நம்ம மேஸ்திரியேதான், அந்தச் சொல் அங்கிருந்துதான் இங்கே வந்தது. மூடி கொஞ்சம் சறுக்கியது. மேஸ்திரி மேலே பார்த்து, "செகுரா!" என்று கத்தினார். பையன் காதில் "பத்திரமா இருக்கு" என்று விழுந்தது. கயிற்றைத் தளர்த்திவிட்டான். மூடி அவர் பாதத்தின் மேல் இறங்கியது.

"செகுரார்" என்று ஒரு வினைச்சொல் இருக்கிறது. "பிடித்துக்கொள்" என்று பொருள். அதன் ஏவல் வடிவமும் "செகுரா"தான். அதற்கு எதிர்ச்சொல் "சோல்தா", அதாவது "விடு". இந்த இணை என் பட்டியலில் இல்லை. அவர் "பிடி" என்றார். இவன் விட்டான்.

அன்று ராத்திரி பையன் என் அறைக்கு வந்து அழுதான். "அண்ணே, பத்திரம்னுதானே சொன்னாரு, நான் படிச்சது அதானே" என்றான். அவன் கையில் நான் கொடுத்த காகிதம். என் கையெழுத்து. அவனுக்கு என்ன பதில் சொல்ல?

மறுநாள் மருத்துவமனைக்குப் போனேன். மேஸ்திரி கட்டுப்போட்ட காலைத் தலையணை மேல் வைத்துப் படுத்திருந்தார். "நான் சொன்ன சொல் சரி. பையன் கேட்ட சொல்லும் சரி. அவனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தது யார்?" என்று கேட்டார். நான்தான் என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு, "அப்படியானால் எனக்குக் கால் சரியாகிற வரைக்கும் வகுப்புக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போ" என்றார். ஊன்றுகோலோடு வந்து எங்கள் வகுப்பில் உட்கார்ந்தார். எனக்கு வாத்தியார் வேலை கற்றுக்கொடுத்தவர் அவர்தான். அங்கே நான் கற்றதில் நான்கை மட்டும் உங்களிடம் சொல்கிறேன்.

முதலாவது, தனிச்சொல்லுக்கு எதிர்ச்சொல் கிடையாது. பொருளுக்குத்தான் எதிர்ச்சொல். "திரெய்த்தோ" என்று ஒரு சொல். வலது கை என்றால் எதிர்ச்சொல் "எஸ்கேர்தோ", இடது. சட்டையின் வெளிப்புறம் என்றால் எதிர்ச்சொல் "அவேசோ", உள்புறம். கோடு நேராக இருக்கிறது என்றால் எதிர்ச்சொல் "தோர்த்தோ", கோணல். மூன்றும் சரி. எதைக் கேட்கிறோம் என்பது வாக்கியத்தில்தான் இருக்கிறது. மேஸ்திரி தன் சட்டையைக் கழற்றித் திருப்பிப் போட்டுக்கொண்டு, "இப்ப சொல்லுங்க" என்றார். அன்றைக்குப் படித்ததை யாரும் மறக்கவில்லை. அன்றோடு பட்டியலைக் கிழித்துப் போட்டேன். அப்புறம் எதிர்ச்சொல் என்றால் முழு வாக்கியம்தான்.

இரண்டாவது, முன்னொட்டை நம்பாதே. போர்ச்சுகீசில் "தெஸ்" சேர்த்தால் பெரும்பாலும் செயல் தலைகீழாகும். "மொந்தார்" என்றால் பூட்டு, "தெஸ்மொந்தார்" என்றால் கழற்று. "லிகார்" என்றால் சுவிட்சைப் போடு, "தெஸ்லிகார்" என்றால் அணை. "இன்" சேர்த்தால் இல்லை என்று ஆகும். "ஃபெலிஸ்" மகிழ்ச்சியானவன், "இன்ஃபெலிஸ்" மகிழ்ச்சியற்றவன். இதைச் சொன்னதும் பையன்களுக்கு ஒரே குஷி, பாதி எதிர்ச்சொல் இலவசமாகக் கிடைத்ததே என்று. அப்போது மேஸ்திரி ஒரு பீப்பாயைக் காட்டினார். அதில் "இன்ஃப்லமாவெல்" என்று எழுதியிருந்தது. "தீப்பிடிக்காதது" என்று ஒருவன் சட்டென்று சொன்னான். தப்பு! எளிதில் தீப்பற்றக்கூடியது என்று பொருள். அந்த "இன்" மறுப்பு அல்ல. தீ மூட்டு என்ற லத்தீன் வினையிலேயே ஒட்டிக்கொண்டு வந்தது. பீப்பாய்க்குப் பக்கத்தில் வெல்டிங் வைத்திருந்தால் இலக்கணம் படிக்க ஆள் இருந்திருக்க மாட்டோம்.

மூன்றாவது, ஒரே பொருள் தரும் இரண்டு சொற்கள் ஒரே வேலையைச் செய்வதில்லை. நம்ம மரவள்ளிக்கிழங்கு பிரேசிலிலிருந்து கிளம்பி உலகம் சுற்றிய பயிர். அதற்கு சாவோ பாவ்லோவில் "மந்தியோக்கா", ரியோவில் "அய்பிம்", வடகிழக்கில் "மகஷெய்ரா". இங்கே சொல் மாறினால் ஊர்தான் மாறும், கிழங்கு மாறாது. ஆனால் சில சொற்களில் மரியாதையே மாறிவிடும். "மொஹேர்" என்றால் இறந்துபோவது. "ஃபலெசேர்" என்றால் காலமாவது. "பாத்தேர் அஸ் போத்தாஸ்" என்றால் மண்டையைப் போடுவது. மூன்றும் சாவுதான். துக்க வீட்டில் மூன்றாவதைச் சொல்லிப் பாருங்க, அடுத்த சாவு உங்களுடையது. "ரப்பரிகா" என்ற சொல் போர்ச்சுகலில் சாதாரணமாக இளம்பெண்ணைக் குறிக்கும். பிரேசிலின் பல பகுதிகளில் அது ஒரு பெண்ணை இழிவாகப் பேசும் சொல். அகராதியில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கும். அகராதி உங்களைக் காப்பாற்றாது.

இதை எங்கள் பையன்களுக்குப் புரியவைக்கத் தமிழையே எடுத்துக்கொண்டேன். "சாவி" போர்ச்சுகீசியர் கொண்டுவந்த சொல். அவர்கள் மொழியில் "ஷாவி". "ஜன்னல்" அவர்களுடைய "ஜனேலா". மேசை, அலமாரி, ஏலம் எல்லாம் அந்த வழிதான். சாவி வருவதற்கு முன்னாலேயே நம்மிடம் திறவுகோல் இருந்தது, ஜன்னல் வருவதற்கு முன்னாலேயே சாளரம் இருந்தது. ஆனால் இன்றைக்கு வீட்டைப் பூட்டிவிட்டு யாராவது "திறவுகோல் எங்கே?" என்று கேட்கிறோமா? சாவியைத்தான் தேடுகிறோம். "வெற்றியின் திறவுகோல் உழைப்பு" என்று மேடையில் மட்டும் பேசுகிறோம். ஒரே பொருள் என்று வந்த இரண்டு சொற்கள் வேலையைப் பிரித்துக்கொண்டுவிட்டன. சொன்னவுடன் பையன்கள் பிடித்துக்கொண்டார்கள்.

இந்த உறவு பழையது. 1554இல் லிஸ்பனில் தமிழையும் போர்ச்சுகீசையும் சேர்த்து ஒரு சமய நூல் அச்சாகியது, ரோமன் எழுத்தில். 1679இல் கேரளத்து அம்பலக்காட்டில் அந்தாம் தெ ப்ரோயென்சா பாதிரியாரின் தமிழ்–போர்ச்சுகீசிய அகராதி அச்சாகியது. அதை 1966இல் தனிநாயகம் அடிகள் மறுபதிப்பாகக் கொண்டுவந்தார். நமக்கும் சொற்களை இனம் பிரித்துப் படிப்பது புதிதல்ல. ஒரு காலத்தில் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சூடாமணி நிகண்டை மனப்பாடம் செய்தவர்கள் நம் முன்னோர். மனப்பாடம் தப்பில்லை. மனப்பாடத்தோடு நிறுத்திக்கொண்டதுதான் என் தப்பு.

பிரேசிலில் 2017இல் வந்த தேசியப் பொதுப் பாடத்திட்ட அடிப்படையைப் பிற்பாடு படித்துப் பார்த்தேன். இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு என்ன சொல்கிறார்கள் தெரியுமா? படித்த பாடத்தில் வரும் சொல்லுக்கு ஒத்த சொல் கண்டுபிடிக்க வேண்டும். கூடவே அவற்றுக்குள் உள்ள பொருள் வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். ஏழு வயதுக் குழந்தைக்குச் சொல்லிக் கொடுப்பதை நான் பொறியாளர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

நான்காவது, சொல்லைக் கையோடு சேர்த்துப் படி. பவ்லோ ஃப்ரெய்ரே என்ற பிரேசில் கல்வியாளர் 1963இல் அங்கிகோஸ் என்ற ஊரில் சுமார் 300 தொழிலாளிகளுக்கு 40 மணி நேரத்தில் எழுத்தறிவிக்கும் முயற்சியை நடத்தினார். கற்பவரின் வாழ்க்கையிலிருந்தே சொல்லை எடுப்பது அவர் முறை. கட்டடத் தொழிலாளிக்கு ஒலி பழக்குவதற்கு "திஜோலோ", அதாவது செங்கல் என்ற சொல்லே போதும். எங்கள் மேஸ்திரி ஃப்ரெய்ரேயைப் படித்தவரா என்று நான் கேட்டதில்லை. ஆனால் அதையேதான் செய்தார். ஒரு கயிற்றைக் கொண்டுவந்து இரண்டு பேரை இரண்டு முனையில் நிறுத்தினார். "புஷா", இழு. "எம்பூஹா", தள்ளு. "அப்பெர்தா", முறுக்கு. "அஃப்ரோஷா", தளர்த்து. கடைசியில், "செகுரா!" என்று அன்றைக்குக் கத்தின அதே குரலில் கத்தினார். கயிற்றைப் பிடித்திருந்தவன் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. முகம் வெளுத்துப்போச்சு. ஆனால் விடவில்லை. மேஸ்திரி "சோல்தா" என்று மெதுவாகச் சொன்ன பிறகுதான் விட்டான். அவர் கை தட்டினார்.

அதற்குப் பிறகு எங்கள் தளத்தில் ஒரு விதி வைத்தோம். பாரம் தூக்கும்போது கட்டளை கேட்டவன், கேட்ட சொல்லைத் திருப்பிச் சொல்லி, கையாலும் காட்ட வேண்டும். காட்டாதவரை யாரும் கயிற்றைத் தொடக்கூடாது. பார்க்கச் சின்னப்பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும். நான் இருந்தவரை அந்தத் தளத்தில் சொல் மாறி அடிபட்டவர் இன்னொருவர் இல்லை.

மேஸ்திரியின் கால் கூடிவிட்டது. ஆனால் குளிர்காலத்தில் கொஞ்சம் நொண்டுவார். ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் எனக்கு உறுத்தும். ஒருநாள் வாய்விட்டு மன்னிப்புக் கேட்டேன். "போய்ஸ் நௌங்" என்றார். சொல்லுக்குச் சொல் பார்த்தால் அதில் "இல்லை" இருக்கிறது. ஆனால் பிரேசிலில் அதற்கு "தாராளமாக, ஆகட்டும்" என்று பொருள். அந்த "இல்லை"யை நான் எந்தப் பட்டியலிலிருந்தும் கற்றுக்கொண்டிருக்க முடியாது.

மாணவத் தம்பி தங்கைகளே, உங்களில் பலர் நாளைக்கு ஜெர்மனிக்கோ ஜப்பானுக்கோ மொசாம்பிக்குக்கோ போவீர்கள். போனில் மொழிபெயர்ப்பு வந்துவிட்டது, இனி எதற்கு மொழி என்று கேட்பீர்கள். கயிறு சறுக்கும்போது போனை எடுக்க நேரமிருக்காது. போகிற ஊரில் முதல் வாரத்திலேயே பிடி–விடு, திற–மூடு, தூக்கு–இறக்கு, நிறுத்து–ஓட்டு என்ற சொற்களை அங்கே வேலை செய்கிறவர் வாயிலிருந்தே கேட்டு, கையால் செய்து படியுங்கள். "புரிஞ்சுதா?" என்று அவர் கேட்டால், புரியாதபோது தலையாட்டாதீர்கள். இந்தக் கல்லூரியில் நாங்கள் எல்லோரும் புரியாமல் தலையாட்டியவர்கள்தான். பேராசிரியர்கள் மன்னிக்க வேண்டும்! இங்கே தலையாட்டினால் அரியர்தான் வரும். அங்கே அடுத்தவர் காலில் விழும்.