மண்ணுக்குள் கிடைக்கும் காசு



செம்பனைக் கன்று நடக் குழி வெட்டுகிறோம். மண்வெட்டியில் ஒரு பழம்பானை தட்டுப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே பச்சை படர்ந்த காசுகள். உடனே நமக்கு என்ன தோன்றும்? புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துப் பார்க்கத் தோன்றும். தங்கமாக இருந்தால் நகைக்கடைக்கு ஓடத் தோன்றும். இந்த இரண்டினாலும் நாம் இழப்பது என்ன என்பதே இன்றைய பேச்சு.

நாம் வாழும் ஜொகூர் பழைய அரச பூமி. பதினாறாம் நூற்றாண்டில் ஜொகூர் ஆற்றங்கரையில் ஜொகூர் லாமா தலைநகராக விளங்கியது. 1587-இல் போர்த்துக்கீசியர் அதைத் தாக்கி அழித்தார்கள். ஜொகூர் சுல்தான்கள் மாஸ், குப்பாங் என்னும் பொற்காசுகளை வெளியிட்டார்கள். நான்கு குப்பாங் சேர்ந்தது ஒரு மாஸ். ஒரு மாஸின் எடை ஏறக்குறைய இரண்டரை கிராம்தான். உருக்கினால் ஒரு ஜோடித் தோடு தேறலாம். ஆனால் அதில் அரபு எழுத்தில் இருந்த சுல்தானின் பெயர் போனது போனதுதான்! வெள்ளீயக் காசுகளும் அன்று புழங்கின. அவை மண்ணில் நைந்திருக்கும், தேய்த்தால் பொடியாகிவிடும்.

சரி, ஒரு குவியலிலிருந்து என்ன தெரியும்? 1898-இல் புதுக்கோட்டைச் சீமையில், கருக்காக்குறிச்சியில், 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. அவற்றுள் கடைசியானவை கி.பி. 69 முதல் 79 வரை ஆண்ட வெஸ்பாசியன் காலத்தவை. ஆகவே புதைத்தவர் அதற்கு முன்னர் புதைத்திருக்க முடியாது. பெரும்பாலான காசுகளில் மன்னனின் தலைமேல் உளியால் வெட்டிய தழும்பு இருந்தது. நாணயமாகச் செல்லாமல், வெறும் பொன்னாக எடை போடப்படட்டும் என்றே அப்படி வெட்டினார்கள் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. மொத்தமும் ஒன்றாகக் கைக்கு வந்ததால்தான் இதெல்லாம் தெரிந்தது. மச்சானுக்கு ஐந்து, பங்காளிக்குப் பத்து என்று பிரித்திருந்தால், காலத்தைக் காட்டும் அந்தக் கடைசிக் காசே காணாமல் போயிருக்கலாம்.

2020 பிப்ரவரியில் திருவானைக்காவல் கோயில் வளாகத்தில் மண் தோண்டியவர்களுக்கு ஒரு பாத்திரத்தில் 505 பொற்காசுகள் கிடைத்தன. எடை ஏறக்குறைய 1.7 கிலோ. அவை அதிகாரிகளிடம் ஒப்படைக்கப்பட்டன. ஏழை வீட்டில் அந்த ஆசை எழாதா என்று கேட்பீர்கள். எழும்தான், அதில் வெட்கமில்லை. ஆனால் மறைத்து விற்கப்போனால், வாங்குகிறவன் நம் பயத்தை அறிந்து பாதி விலைகூடத் தரமாட்டான். வழக்கும் வந்து சேரும். நம் நாட்டில் 2005-ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டப்படி, இத்தகைய பொருளைக் கண்டவர் மரபுடைமை ஆணையருக்கோ மாவட்ட அதிகாரிக்கோ உடனே தெரிவிக்க வேண்டும்.

ஆகவே, தட்டுப்பட்டதும் வெட்டுவதை நிறுத்துங்கள். ஒட்டிக்கிடக்கும் காசுகளைப் பிரிக்காதீர்கள். பானை ஓட்டையும் வீசாதீர்கள், அதுவும் சாட்சிதான். எந்த இடம், எத்தனை அடி ஆழம் என்று குறித்து, கைத்தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள். ஒப்படைக்கும்போது படித்த பிள்ளை ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எண்ணிக்கையும் எடையும் எழுதச் சொல்லி, கையொப்பமிட்ட ரசீது கேட்டு வாங்குங்கள்.