பாலம் தாண்டும் பிழைப்பு



ஞாயிற்றுக்கிழமை என்பதால் இந்த மண்டபம் நிறைந்திருக்கிறது. வேலை நாளாக இருந்தால் பாதி நாற்காலி காலியாகக் கிடக்கும். நம் வீட்டு ஆண்களும் பெண்களும் இந்நேரம் நம் ஜோகூர் பாருவையும் சிங்கப்பூரையும் இணைக்கும் கடற்பாலத்தில்தான் நின்றுகொண்டிருப்பார்கள்.

1924-இல் திறந்த பாலம் அது. நீளம் ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான். நடந்தால் கால் மணி நேரம்கூட ஆகாத அந்தத் தூரம், நம் பிள்ளைகளின் ஆயுளில் எத்தனை ஆண்டுகளைத் தின்றிருக்கிறது!

காலை ஏழு மணிப் பணிமுறைக்குப் போகும் தாதி ஒருவரை நினைத்துப் பாருங்கள். நாலு மணிக்கே எழுந்தாக வேண்டும். பேருந்தில் ஏறி உட்கார்ந்தால் தூங்கிக்கொண்டே போய்விடலாம் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். எங்கே தூங்குவது? ஜோகூர்க் குடிநுழைவில் பையோடு இறங்கி வரிசையில் நிற்க வேண்டும். மறுபடி பேருந்து. பாலம் தாண்டியதும் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் மறுபடி இறங்கி, மறுபடி வரிசை, மறுபடி பேருந்து. வந்த வண்டி யாருக்காகவும் காத்திருக்காது. பின்னால் வருவதைத்தான் பிடிக்க வேண்டும். மோட்டார் சைக்கிளில் போகும் பிள்ளைகள், காற்று நெஞ்சில் அறையாமலிருக்க ஜாக்கெட்டை முன்பின்னாக மாட்டிக்கொண்டு இருட்டிலேயே கிளம்புகிறார்கள்.

ஏன் இந்தப் பாடு? ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கிறது. அதில்தான் தம்பியின் படிப்பும் அம்மாவின் மருந்தும் வீட்டுக் கடனும் நடக்கின்றன. பேராசைப்பட்டுப் போகிறார்கள் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

வரிசையின் நீளம் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது, செய்தித்தாளிலும் வருகிறது. தெரியாத ஓட்டை ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் மேடை ஏறினேன்.

நம் நாட்டில் வேலை பார்த்தால் சம்பளத்தில் 11 விழுக்காடு ஊழியர் சேமநிதிக்குப் போகும். முதலாளி தன் பங்காக 12 அல்லது 13 விழுக்காடு போடுவார். சிங்கப்பூரில் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மத்திய சேமநிதி உண்டு. வேலை அனுமதியில் போகிறவருக்கு அதைக் கட்ட வேண்டிய கட்டாயம் முதலாளிக்கு இல்லை. ஆக, 25 வயதில் பாலம் தாண்டி 50 வயதில் திரும்புகிறவருக்கு இந்தக் கரையிலும் சேமநிதி இல்லை, அந்தக் கரையிலும் இல்லை. வீட்டையே தூக்கி நிறுத்தியவர், முடியாத வயதில் பிள்ளையின் கையை எதிர்பார்த்து உட்காருவதா?

இந்தப் பிழைப்புக்கு எவ்வளவு உறுதி என்பதை, கோவிட் தொற்றால் எல்லை மூடப்பட்ட 2020 மார்ச் 18-இல் பார்த்தோம். இரண்டு வாரம்தானே என்று மாற்றுத்துணியோடு முதல் நாளே அக்கரைக்கு ஓடினார்கள். தரைவழி முழுதாகத் திறந்தது 2022 ஏப்ரல் 1-இல். இடையில் தகப்பனுக்குக் கொள்ளி வைக்க வர முடியாமல், கைப்பேசித் திரையைப் பார்த்து அழுத மகன்கள் உண்டு.

பாலத்து வரிசைக்குத் தீர்வாகச் சொல்லப்படுவது, ஜோகூர் பாருவின் புக்கிட் சாகாருக்கும் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நார்த்துக்கும் இடையிலான 4 கிலோமீட்டர் ரயில் பாதை. மணிக்கு ஒரு திசையில் 10,000 பேர் போகலாம். இரு நாட்டுக் குடிநுழைவும் ஏறும் இடத்திலேயே முடிந்துவிடும். மனதார வரவேற்கிறேன். ரயில் இழந்த தூக்கத்தைத் தரும். முதுமைக்குச் சோறு போடாது.

இரு அரசுகளும் உட்கார்ந்து பேசி இந்த ஓட்டையை அடைக்க வேண்டும். அதை நாம் உரக்கக் கேட்க வேண்டும். அதுவரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டாம். ஊழியர் சேமநிதியில் நாமே விரும்பிப் பணம் போடலாம். ஆண்டுக்கு 100,000 ரிங்கிட் வரை அனுமதி உண்டு. அவ்வளவு யாரால் முடியும்? முடிந்ததைப் போடுங்கள். மாதச் சம்பளம் வந்ததும், மற்ற செலவுக்கெல்லாம் முன்னால், முதல் நூறு வெள்ளியை உங்கள் பெயரில் போடுங்கள்.

தாய்மார்களே, பாலம் தாண்டும் பிள்ளை இன்று வீட்டில் இருப்பான். சேமநிதியில் கடைசியாக எப்போது பணம் போட்டாய் என்று இன்றிரவே கேளுங்கள். பதில் வரவில்லையென்றால், நாளை அவன் வேலைக்குக் கிளம்புவதற்குள் அந்தக் கணக்கைத் திறந்து பார்க்க வையுங்கள்.