கண்ணியில் சிக்கியது சிறுத்தை மட்டுமா?

(மஸ்கெலியாவில் தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



காட்டைப் பற்றிப் பேசப்போகிறோம் என்றதும், "சம்பளத்தை விட்டுவிட்டு இது என்ன புதுப் பேச்சு?" என்று முன்வரிசைப் பெரியவர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் நம் லயத்தின் பின்வாசலில் தொடங்குகிறது அந்தக் காடு.

சிவனொளிபாத மலையைச் சூழ்ந்த காடு 1940இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பரப்பு ஏறத்தாழ 22,000 ஹெக்டேர். 2010இல் யுனெஸ்கோ இதனை ஹோர்டன் சமவெளி, நக்கிள்ஸ் மலைகளோடு சேர்த்து உலக மரபுரிமை என ஏற்றது. களனியும் களுவும் வளவையும் இந்த மலைக்காடுகளிலே பிறக்கின்றன. மவுசாகலை நீர்த்தேக்கம் நிரம்புவதும், அந்நீரால் மின்சாரம் பிறப்பதும் இக்காட்டின் ஈரத்தாலன்றோ? அந்த நீர்த்தேக்கத்துக்காகவே 1969இல் பழைய மஸ்கெலியா நகரம் மூழ்கியது. கோடையில் நீர் வற்றும்போது பழைய கோயிலின் எச்சம் தலைநீட்டுவதைக் கண்டு நிற்பவர்கள் நாம்!

இம்மலைகளில் பெருங்காட்டை வெட்டிச் சாய்த்தவை நம் பாட்டன்மாரின் கைகள். வெட்டச் சொன்னவன் வெள்ளைத்துரை. முதலில் கோப்பிக்காக; 1869இல் கோப்பியிலே இலைநோய் கண்டு அப்பயிர் அழிந்தபின் தேயிலைக்காக. இலாபம் கப்பலேறியது. எஞ்சிய காட்டோரத்தில் நாம் எஞ்சினோம்.

2020 மே மாதக் கடைசியில் நல்லதண்ணிப் பகுதியில் கருஞ்சிறுத்தை ஒன்று கம்பிக் கண்ணியில் சிக்கியது. மீட்டு உடவளவைக்குக் கொண்டு சென்றார்கள். சில நாள்களில் இறந்தது. இலங்கைக்கே உரிய சிறுத்தையினத்தில் கருநிறம் மிக அரிது. நாடே கண்ணீர் விட்டது, விடத்தான் வேண்டும். ஆனால் கண்ணி ஏன் வைக்கப்படுகிறது என்று கேட்டவர் எத்தனை பேர்?

கண்ணி வைக்கப்படுவது பெரும்பாலும் காட்டுப்பன்றிக்கு. லயத்துக் காய்கறிப் பாத்தியைப் பன்றி ஒரே இரவில் உழுதுவிடுகிறது. நிலமோ தொழிலாளியின் பெயரில் இல்லை. யாரிடம் ஈடு கேட்பான்? இறைச்சி விற்பதற்காகக் கண்ணி வைப்பவனும் நம்மிடையே உண்டு. அவனுக்காக வாதாட நாம் வரவில்லை. பன்றியைத் தின்று தொகையைக் குறைக்கும் காவலாளி சிறுத்தை. அந்தக் காவலாளியின் கழுத்தில் சுருக்கிடுகிறோமே, இது என்ன கணக்கு?

இன்னொன்றும் உண்டு. கம்பியில் துடிக்கும் சிறுத்தை அறுத்துக்கொண்டு பாய்ந்தால், முதலில் எதிர்ப்படுபவள் கொழுந்தெடுக்கும் நம் சகோதரி. துரை பங்களாவில் இருப்பார்.

ஆகவே, காட்டோர மலைகளில் வாரம் ஒருமுறையேனும் கண்ணி தேடி அகற்றப்பட வேண்டும். அகற்றுவோர் நாமாக இருப்போம். பாத்திகளைச் சுற்றி வேலியடிக்கும் செலவைத் தோட்ட நிருவாகமும் அரசும் ஏற்கட்டும். கண்ணி தேடும் நேரம் அரைப்பேருமன்று, இனாமுமன்று. முழு வேலை நேரமாகப் பதியப்பட வேண்டும். நாளைக் காலை பிரட்டுக்களத்தில் இதைக் கேளுங்கள். பெரியவர் கேட்ட சம்பளக் கணக்கிலும் இது சேர்ந்துவிடும்.