எந்த ஊர்?
(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



விழா மேடையில் கவிதையைப் பற்றிப் பேசுவதே மரபு. ஆனால் செயற்குழு எனக்கு இட்ட பணி வேறு. திருச்சி, தஞ்சை, புதுக்கோட்டை, பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளிலுள்ள அருங்காட்சியகங்களில் பணிபுரிவோரை அழைத்து, நம் ஜெயங்கொண்டத்தில் இரண்டு நாள் மாநாடு ஒன்றை இவ்வட்டம் நடத்தலாமா, நடத்தினால் எப்படி நடத்துவது என்று ஒரு திட்டம் வரைந்து தருமாறு பணித்தனர். அக்கூட்டத்திலேயே மூத்த உறுப்பினர் ஒருவர், "கவிதை எழுதுகிறவர்களுக்கு உடைந்த சிலையோடு என்னம்மா வேலை?" என்று கேட்டார். கேட்டது நியாயம். எனக்கு அப்போது விடை சொல்லத் தெரியவில்லை. இன்று சொல்ல முயல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் மாணவியரை அழைத்துக்கொண்டு ஓர் அருங்காட்சியகத்துக்குச் சென்றிருந்தேன். எது என்று பெயர் சொல்ல வேண்டியதில்லை. பல இடங்களில் அதுதான் நிலை. கோயில் தரிசனம் முடித்துவந்த கிராமத்துப் பெண்கள் சிலரும் அங்கே நின்றிருந்தனர். அவர்களுள் வயது முதிர்ந்த ஒருவர் அம்மன் சிலை ஒன்றின்முன் நெடுநேரம் நின்றார். பிறகு என்னிடம் திரும்பி, "ஏம்மா, இது எந்த ஊரு சாமி?" என்று கேட்டார். நான் குறிப்பட்டையைப் பார்த்தேன். "அம்மன், கல், கி.பி. 11-ஆம் நூற்றாண்டு" என்றிருந்தது. ஊர் இல்லை. முனைவர் பட்டம் வாங்கிய நான் அந்தத் தாயின் கேள்விக்கு விடையற்று நின்றேன். அவர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. சிலையின் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போய்விட்டார்.

அருங்காட்சியகத் துறையினர் நீண்ட சொற்களால் குறிக்கும் பொருள்வரலாறு என்பதைத்தான் அந்த அம்மையார் சில சொற்களிலேயே கேட்டார். அந்தக் கேள்வி கேட்கப்படாததால் நம் மாவட்டம் இழந்தது எவ்வளவு என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆயினும் மாநாட்டுத் திட்டத்தின் அடித்தளம் அதுவே ஆகலின் மீண்டும் சொல்கிறேன்.

ஸ்ரீபுரந்தான் சிவன் கோயிலின் ஆடவல்லான் திருமேனி 2006-ஆம் ஆண்டில் களவு போயிற்று. போனது என்பதே 2008-இல்தான் வெளியே தெரிந்தது. அதே 2008-இல், நியூயார்க் வணிகர் சுபாஷ் கபூரிடமிருந்து ஐம்பது இலட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் அத்திருமேனியை வாங்கி, கான்பெராவில் காட்சிக்கு வைத்தது. கோயிலில் இருந்தபோதே அத்திருமேனியை எடுத்த புகைப்படம் புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருந்தது. பின்னாளில் உண்மையை நிலைநாட்டியது அந்தப் படமே. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் புது தில்லிக்கு வந்து திருமேனியைத் திருப்பி அளித்தார். சிங்கப்பூரின் ஆசிய நாகரிக அருங்காட்சியகம் 2007-இல் வாங்கிய உமைத் திருமேனியும் நம் மாவட்டத்துச் சிவன் கோயிலுக்கு உரியது. அது 2015-இல் திரும்பியது. 2022 நவம்பரில் கும்பகோணம் நீதிமன்றம் கபூருக்குப் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது.

இதில் என்னை உறுத்துவது திருடனின் திறமை அன்று. கோயில் அரியலூரில், படம் புதுச்சேரியில், சிலை கான்பெராவில். இம்மூன்றைப் பற்றியும் அறிந்தவர்கள் ஓர் அறையில் ஒரு முற்பகல் அமர்ந்திருந்தால் போதும், வாங்கியவர் கையில் போலிச் சான்றுகளுக்கு அப்பால் ஓர் உண்மைத் தாள் இருந்திருக்கும். அமர்வதற்கு ஓர் அறை இல்லாமற் போயிற்று. மாநாடு என்று நான் கருதுவது அந்த அறையைத்தான்.

இவ்விடத்தில் நம்மையும் நாம் ஒருமுறை பார்த்துக்கொள்வது நன்று. ஜெயங்கொண்டம் என்ற பெயரே வெற்றியின் பெயர். கங்கைகொண்ட சோழபுரம், கொண்டு வந்தவற்றின் தலைநகரம். அதன் அருகே செங்கமேட்டில் கலிங்கப் பாணிச் சிற்பங்கள் இன்றும் வழிபாட்டில் இருக்கின்றன. அவை பரிசாக வந்தவை அல்ல. முதலாம் இராஜாதிராஜன் சாளுக்கியரின் கல்யாணபுரத்தை வென்று எடுத்துவந்த வாயிற்காவலர் சிலை ஒன்று பின்னர் தாராசுரத்தில் இருந்து, இப்போது தஞ்சைக் கலைக்கூடத்தில் நிற்கிறது. அதன் பீடத்தில் யார் கொண்டுவந்தார், எந்த நகரை வென்று கொண்டுவந்தார், சிலை யாருடையது என்று அக்காலத் தமிழிலேயே ஒரு வரி வெட்டப்பட்டிருக்கிறது. தமிழில் நான் அறிந்த அருங்காட்சியகக் குறிப்புகளுள் மிகச் சிறந்தது அதுவே! கொள்ளையடித்தவன் ஊர்ப்பெயரை மறைக்கவில்லை. மறைக்காததால் இன்றும் அச்சிலையைக் கண்டு "எந்த ஊர்?" என்று கேட்பவருக்கு விடை கிடைக்கிறது. பதினோராம் நூற்றாண்டில் உளியால் இயன்றதை, அச்சு இயந்திரமும் கணிப்பொறியும் கைவந்த நாம் செய்யாமலிருப்பது எந்த வகையில் நேர்?

ஆகவே நம் மாநாட்டின் முதல் விதி இது. வருகிற ஒவ்வொரு காப்பாட்சியரும், சிறுகாட்சிக்கூடப் பொறுப்பாளரும் நீண்ட கட்டுரை கொண்டுவர வேண்டியதில்லை. தம் பொறுப்பிலுள்ள பொருள்களுள் ஊர் தெரியாத ஒன்றின் புகைப்படத்தையும், பதிவேட்டில் அதற்கு என்ன எழுதியிருக்கிறதோ அதன் படியையும் கொண்டுவர வேண்டும். வெறுமையாக இருந்தால் வெறுமையையே கொண்டுவரட்டும். முதல் நாள் முழுவதும் அப்படங்கள் மேசைமேல் கிடக்கும். மற்றவர்கள் பார்ப்பார்கள். "இந்தத் தூண் எங்கள் பக்கத்துப் பாணி" என்று புதுக்கோட்டைக்காரர் சொல்லக்கூடும். "இதன் இணை எங்கள் கிடங்கில் இருக்கிறது" என்று தஞ்சைக்காரர் சொல்லக்கூடும். ஒன்றுமே கிடைக்காமலும் போகலாம். இரண்டு சிலைகளுக்கு ஊர் கிடைத்தாலும் மாநாடு வெற்றி என்பேன்.

மாவட்ட எல்லையை நம்பி அழைப்பிதழ் அனுப்பலாகாது. திருச்சி மாவட்டத்திலிருந்து 1995-இல் பெரம்பலூர் பிரிந்தது. அதிலிருந்து 2001-இல் அரியலூர் பிரிந்து, 2002-இல் மீண்டும் சேர்ந்து, 2007-இல் மறுபடி பிரிந்தது. பொருள்கள் எங்கும் போகவில்லை. கோப்புகள்தாம் போய்வந்தன. எந்தக் கோப்பு எந்த அலுவலகத்தில் என்பதைக் கண்டறியவே ஓர் அமர்வு வேண்டியிருக்கும்.

வெளிநாட்டு முன்மாதிரிகள் உண்டா என்று கேட்டீர்கள். உண்டு. யுனெஸ்கோ 1966-இல் புது தில்லியில் அருங்காட்சியக வளர்ச்சி குறித்து நடத்திய மண்டலக் கருத்தரங்கு ஏறத்தாழ ஒரு மாதம் நீடித்தது. அவ்வளவு அவகாசம் நமக்கு வாய்க்காது. எனக்கு உகந்தது, 1972 மே மாதத்தில் சிலி நாட்டின் சாந்தியாகோவில் நடந்த வட்டமேசைக் கூட்டம். இலத்தீன் அமெரிக்க அருங்காட்சியகத்தார் கூடிய அந்த அவையில், வேளாண்மை, நகரமைப்பு, கல்வி போன்ற பிற துறையினரை அழைத்துப் பேசச் சொல்லிவிட்டு அருங்காட்சியகத்தார் கேட்டுக்கொண்டிருந்தனர். தம் கண்ணாடிப் பெட்டிகளுக்கு வெளியே ஒரு நாடே இருக்கிறது என்று அங்கே அவர்கள் உணர்ந்ததாக அருங்காட்சியக வரலாற்றில் அக்கூட்டத்துக்குத் தனி இடம் உண்டு. நம் மாநாட்டில் அந்தப் பிற துறையினர் யார்? ஓதுவார், ஊர் நாட்டாண்மை, சுண்ணாம்புக்கல் சுரங்கத் தொழிலாளி, பள்ளி ஆசிரியர். கூடவே, கவிஞர்.

சுரங்கத் தொழிலாளி எதற்கு என்று சிலர் புருவம் உயர்த்துவது தெரிகிறது. நம் மண்ணின் வயதைச் சோழரோடு நிறுத்திவிடாதீர்கள். இங்கே ஒரு காலத்தில் கடல் இருந்தது. கேய், கன்லிஃப் என்னும் இரு ஆங்கிலேயர் இப்பகுதியில் திரட்டிய கல்லான கடலுயிர்களை 1846-இலேயே எட்வர்டு ஃபோர்ப்ஸ் இலண்டனில் ஆராய்ந்து எழுதினார். சாத்தனூரில் பதினெட்டு மீட்டருக்கு மேல் நீளமான கல்மரம் கிடப்பதை 1940-இல் நிலவியலறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன் உலகுக்கு அறிவித்தார். அது இன்றும் கிடந்த இடத்திலேயே பூங்காவாகக் காக்கப்படுகிறது. நம் கல்லமேட்டுக் கதை அப்படி முடியவில்லை. அங்கே கிடைத்த மாபெரும் எலும்புகளைக் கொண்டு யாதகிரியும் அய்யாசாமியும் 1987-இல் புருகத்காயோசாரஸ் என ஓர் உயிரினத்துக்குப் பெயரிட்டனர். பெரும் உடல் கொண்டது என்பது பொருள். கால் எலும்பு ஒன்றே இரண்டு மீட்டர் நீளம் என்று எழுதினர். பூமியில் நடந்த மிகப் பெரிய விலங்குகளுள் ஒன்றாக அது இருந்திருக்கக்கூடும் என்பர். ஆனால் அந்த எலும்புகள் இன்று இல்லை. உதிர்ந்து அழிந்துவிட்டன. எஞ்சியவை சில வரைபடங்களும் மங்கிய படங்களும். அதனால் அறிஞர் உலகம் இன்றும் அந்த விலங்கை நம்பலாமா கூடாதா என்று வழக்காடுகிறது.

ஊர் தெரியும், பொருள் இல்லை. இது ஸ்ரீபுரந்தானுக்கு நேர் எதிரான இழப்பு. சுரங்கத்தில் இயந்திரம் ஓட்டுகிறவர்தான் கல்லில் சுருளைக் கண்ணால் காணும் முதல் ஆள். அவர் கண்டதை யாரிடம் சொல்ல வேண்டும், எப்படி எடுத்து வைக்க வேண்டும் என்று வாரணவாசிப் புதைபடிவ அருங்காட்சியகத்தார் அவருக்கு நேருக்குநேர் சொல்லும் ஓர் அமர்வு வேண்டும். அதற்கு அவர் வேலை நேரத்தில் வரமாட்டார். ஆகவே அந்த அமர்வு ஞாயிற்றுக்கிழமை.

நாள் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1977 முதல் உலகெங்கும் மே 18 அருங்காட்சியக நாளாகக் கொண்டாடப்படுகிறது. அன்றே நடத்தலாம் என்று இளம் நண்பர் ஒருவர் கூறினார். பாரிசில் இருப்பவர்களுக்குக் கத்திரி வெயில் தெரியாது. நமக்குத் தெரியும். ஆடித் திருவாதிரையில் கங்கைகொண்ட சோழபுரத்தில் நிற்க இடம் இராது. ஐப்பசி, கார்த்திகை மழை. தை, மாசியில் முகூர்த்த நாளென்றால் மண்டபம் கிடைக்காது. மாசியில் முகூர்த்தமில்லாத ஒரு சனி, ஞாயிறு என்பதே என் பரிந்துரை. வருவோர் அரியலூரில் இரயிலை விட்டு இறங்கிப் பேருந்தில் வரவேண்டும். விடுதி போதாது. உறுப்பினர் இல்லங்களில் இருவர் இருவராகத் தங்கவைப்போம். வீட்டில் தங்கியவர் விடுதியில் தங்கியவரைவிட அடுத்த ஆண்டு கடிதத்துக்கு விரைவாகப் பதில் எழுதுவார் என்பது என் அனுபவம்.

சனி முற்பகல் அமர்வை மண்டபத்தில் தொடங்காமல் கங்கைகொண்ட சோழபுரத்திலேயே தொடங்கலாம். அங்கே கொள்ளிடத்தின் கீழணைக்காக 1836 அளவில் பெயர்த்தெடுக்கப்பட்ட கற்களைப் பற்றியும், மாளிகைமேட்டில் 1980 முதல் தமிழகத் தொல்லியல் துறை அகழ்ந்து வெளிக்கொணர்ந்த செங்கற்சுவர், கூரை ஓடு, சீனப் பீங்கான் ஓடுகள் ஆகியவை பற்றியும் பேச நின்ற இடமே போதும். இப்போது அங்கே பெரிய அருங்காட்சியகம் ஒன்றை அரசு அறிவித்திருக்கிறது. அதன் சுவர்களில் என்ன எழுதப்போகிறார்கள் என்பது இன்னும் முடிவாகாத காலத்தில் நாம் கூடுவது பயன் தரும்.

இனி மூத்தவர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். கவிஞருக்கு அங்கே என்ன வேலை? குறிப்பட்டை எழுதுவது. நாற்பது சொல்லுக்குமேல் போகக்கூடாது. எந்த ஊர், யார் செய்தது, எப்படி இங்கே வந்தது என்பவை இருக்க வேண்டும். அறியாததை அறியவில்லை என்றும் எழுத வேண்டும். பத்தாம் வகுப்புப் படித்தவருக்கும், படிக்கக் கேட்டு நிற்பவருக்கும் புரிய வேண்டும். அடைமொழி கூடாது. "அழகிய", "அரிய", "உலகப் புகழ்பெற்ற" ஆகிய மூன்றையும் வாசலிலேயே செருப்போடு விட்டுவர வேண்டும். பத்தாண்டுகளாக இவ்வட்டத்தில் ஒருவர் கவிதையில் ஒரு சொல் மிகையென்று மற்றவர் மல்லுக்கு நின்றதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கண்டிப்பு இப்போது தேவைப்படுகிறது. இரண்டாம் நாள், காப்பாட்சியர் ஒருவரும் கவிஞர் ஒருவரும் ஒரு மேசையில் அமர்ந்து ஒரு பொருளுக்கு ஒரு குறிப்பு எழுதுவர். காப்பாட்சியர் பிழை திருத்துவார், கவிஞர் சொல் திருத்துவார். சண்டை வரும். வரட்டும். அப்படி எழுதியவற்றை எழுத வராத யாரையேனும் அழைத்து, படித்துக் காட்டி, புரிகிறதா என்று கேட்டபிறகே அச்சுக்கு அனுப்புவோம்.

செலவைப் பற்றிப் பொருளாளர் தனியே பேசுவார். மலர் அச்சிடும் தொகையில் மிச்சம் இருக்குமானால் அதை மாநாட்டுக்கு ஒதுக்குமாறு கேட்பேன். பொன்னாடைக்கும் நினைவுப் பரிசுக்கும் ஒரு காசும் ஒதுக்கலாகாது. அதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

ஒடிசாவிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் ஒவ்வொருவரையாவது அழைக்க வேண்டும் என்ற என் யோசனையைச் செயற்குழுவில் பாதிப்பேர் ஏற்கவில்லை. நம் வெற்றிச் சின்னங்களை நாமே குற்றக் கூண்டில் ஏற்றுவதா என்று கேட்டனர். நான் திருப்பித் தருவது பற்றிப் பேசவில்லை. செங்கமேட்டில் நிற்கும் கலிங்கத் திருமேனிகளின்முன் அவ்வூரார் ஒருவரை நிறுத்தி, இது உங்கள் நாட்டில் எந்தக் கோயில் பாணி என்று கேட்க விரும்புகிறேன். கான்பெராவை நாம் கேட்ட கேள்வியை நம்மையும் ஒருவர் கேட்க இடம் தரவேண்டாமா? இதை இன்றைய பொதுக்குழு முடிவு செய்யட்டும். தோற்றாலும் மாநாட்டு வேலையை நான் செய்வேன்.

அடுத்த பௌர்ணமிக் கூட்டத்துக்குள் செங்கமேட்டுச் சிற்பங்களுக்கு நாற்பது சொல்லில் ஒரு மாதிரிக் குறிப்பு வேண்டும். எழுத முன்வருகிறவர் கூட்டம் முடிந்ததும் என்னிடமோ செயலாளரிடமோ பெயரைக் கொடுங்கள்.